வவுனியாவா, கொழும்பா?

கெட்ட செய்தி சொல்வதற்கென்று ஒரு கடைக்குப் போயிருக்கிறீர்களா?

போன செவ்வாய்க்கிழமை நான் போனேன். கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியோரம், ஒரு பாமசிக்கும் போன் கடைக்கும் நடுவில் இருக்கிற கண்ணாடிக் கடை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு புதுச்சோடி. அவளுக்குக் கண்ணாடி, தெரிவு அவனுக்கு. ஒவ்வொரு பிறேமாகப் போட்டுக் காட்ட, இவன் ஒவ்வொன்றுக்கும் "வடிவாயிருக்கு, வடிவாயிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் என் முகத்தோடு உள்ளே போக மனம் வரவில்லை. திரும்பிப் போய் ஒரு பிளேன்ரீ குடித்தேன்.

பிறகும் போகத்தான் வேண்டியிருந்தது.

அந்தக் கடையில் கண் பார்க்கிறவர் பெயர் சர்மிளா. முப்பது வயது மட்டில் இருக்கும். அதற்கென்றே படித்த ஒப்டோமெற்றிஸ்ற். கண் டொக்டர் அல்ல. அதை வருகிற எல்லோரிடமும் அவரே முதலில் சொல்லிவிடுவார். பார்வையைச் சோதித்துக் கண்ணாடி நம்பர் கொடுப்பார். கண்ணாடியால் தீராத வருத்தம் ஏதும் தென்பட்டால், எந்த டொக்டரிடம், எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று எழுதி அனுப்புவார். எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் கண்ணுக்கென்று முதன்முதலில் போய் நிற்பது ஆஸ்பத்திரியில் அல்ல, இப்படி ஒரு கடையில்தான்.

சரி, எந்த ஊருக்கு அனுப்புவது என்பதை அவர் எப்படித் தீர்மானிக்கிறார்?

இப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. யோகம் மச்சாளின் கண்ணில் மின்னல் அடிக்கத் தொடங்கும்வரை.

யோகம் மச்சாள் என் மனைவியின் அக்கா. வட்டக்கச்சியில் வீடு. கணவர் தவராசா அண்ணைக்கு வாய்க்கால் தண்ணீரில் விளைகிற வயல். மச்சாள் வீட்டில் மெசின் வைத்துத் தைக்கிறவர் — பள்ளிக்கூட யூனிபோம், சட்டை, கலியாணத்துக்கு பிளவுஸ், எல்லாம். இடது கண் கடைசிச் சண்டையில் போய்விட்டது. பங்கருக்குள் தலையைக் குனிவதற்குள் வந்த ஒரு இரும்புத் துண்டு... அரிசிப் பருமன்கூட இருந்திருக்காது. அதற்குப் பிறகு இத்தனை வருடமும் தைத்ததெல்லாம் ஒற்றைக் கண்ணால். "ஊசி கோக்க மற்றவைக்கு ஒரு கண்ணை மூடவேணும். எனக்கு அந்த வேலையும் மிச்சம்" என்பார். சொல்லிவிட்டு முதலில் சிரிப்பதும் அவர்தான்.

நாங்கள்தான் சிரிக்கத் தெரியாமல் நிற்போம்.

காலபோக நெல் அறுவடை, அருவிவெட்டு, நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரு நாள் காலையில் மச்சாளிடமிருந்து போன்.

"தம்பி, கண்ணாடி நம்பர் மாறிப்போச்சுப் போல கிடக்கு. இவர் நெல்லு வெட்டுற மிசினைப் பாத்துக்கொண்டு வயலுக்கை நிக்கிறார். என்னை ஒருக்கா ரவுனுக்குக் கூட்டிக்கொண்டு போறியளே?"

"என்ன செய்யுது?"

"நாலைஞ்சு நாளாக் கண்ணுக்கை மின்னல் அடிக்குது. முன்னால ஒரே இலையான் பறக்குது. அடிக்கப் போனா இலையானைக் காணேல்லை."

கண்ணுக்கு முன்னால் ஈ பறக்கிறதையும் பகிடியாகத்தான் சொன்னார். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் மகளின் கதைதான். மகள் சுதா புதுக்குடியிருப்பில் கலியாணம் செய்து இருக்கிறாள். வருடக்கணக்காகக் கோயில், கிளினிக் என்று அலைந்து இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. மாதம் கிட்டிவிட்டது. பிறஷர் வேறு ஏறுகிறது, படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை மச்சாள் அங்கே போய் நிற்பதாக ஏற்பாடு. பேரப்பிள்ளைக்கென்று தைத்த சின்னச் சட்டைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். "கழுத்துப் பட்டி சரியா வரேல்லைத் தம்பி. அதுதான் கண்ணாடியை மாத்துவம் எண்டு..."

சர்மிளா எழுத்து அட்டையை வாசிக்கச் சொன்னார். மச்சாள் கடகடவென்று வாசித்தார், கடைசிக்கு முந்தின வரிவரை. எனக்கே அந்த வரி மங்கல்தான். நம்பரிலும் பெரிய மாற்றம் இல்லை. பிறகு சர்மிளா முன்னால் உட்கார்ந்து, தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, கையைப் பக்கவாட்டில், மேலே, கீழே என்று கொண்டுபோய் விரலை ஆட்டினார்.

"இப்ப விரல் தெரியுதோ அன்ரி?"

"ஓம்."

"இப்ப?"

"ஓம்."

கை கீழே போனது.

"இப்ப?"

"கையை எடுத்துப்போட்டியளே பிள்ளை?"

எடுக்கவில்லை. விரல் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

லைற்றை அணைத்துவிட்டு, கையில் பிடிக்கிற சின்ன விளக்கால் கண்ணுக்குள் பார்த்தார். மேலே பார், கீழே பார் என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். பார்க்கும்போது ஏதாவது கதைத்துக்கொண்டே பார்க்கிற பெண் அவர். அன்று கதை நின்றுவிட்டது. 

லைற்றைப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"அன்ரி, இது கண்ணாடியால தீர்ற விசயம் இல்லை. கண்ணுக்குப் பின்னால ஒரு மெல்லிய சவ்வு இருக்கு. விழித்திரை எண்டு சொல்லுறது. அது மேல்பக்கத்தில கழருற மாதிரி எனக்குத் தெரியுது. அதுதான் உங்களுக்குக் கீழ்ப்பக்கம் மறைக்குது. எனக்கு நிச்சயமாச் சொல்ல ஏலாது. என்ர லைற்றால ஓரம் வடிவாத் தெரியாது. ஆனா அதுவாத்தான் இருந்தா... பிந்தக்கூடாது. இப்ப நடுப்பார்வை இருக்கு. அது இருக்கேக்கையே போகவேணும்."

"எங்கை போறது?" என்று கேட்டேன்.

"கொழும்புக்கு. விழித்திரை ஒபரேசனுக்கெண்டே தனியா இருக்கிற டொக்டரிட்டை. இண்டைக்கே வெளிக்கிட்டால் நல்லம்."

மச்சாள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இண்டைக்கோ? ஏலாது பிள்ளை."

பிறகு நடந்ததுதான் நான் இந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொண்ட பாடம். சர்மிளா கண்ணைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். வீட்டில் யார் இருக்கிறார்கள்? கூட வர ஆள் உண்டா? கொழும்பில் தங்க இடம்? சிங்களம் கதைக்கத் தெரிந்தவர்கள் யாரும்? வயல் வெட்டி முடிந்ததா?

மச்சாள் கொஞ்ச நேரம் பதில் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, நீங்கள் என்ர கண்ணைப் பாக்கிறியளோ, குடும்பத்தைப் பாக்கிறியளோ?"

"ரெண்டையும் பாத்தாத்தான் அன்ரி எங்கை அனுப்புறதெண்டு எனக்குத் தெரியும்."

"நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். கொழும்பில் சில வருடம் வேலை பார்த்தவன். சிங்களமும் சமாளிப்பேன். தங்குவதற்கும் ஒரு நண்பன் வீடு இருக்கிறது.

"கூட்டிக்கொண்டு போக ஆள் இருக்கு. போறதுக்குத்தான் ஆள் இல்லை" என்றார் மச்சாள். "என்ர பிள்ளை அங்கை படுத்துக் கிடக்கிறாள். எந்த நேரம் என்ன நடக்குமோ தெரியாது. நான் கொழும்பில போய்க் கட்டிலில ஏறிப் படுக்கிறதோ? அவளுக்குப் பிள்ளை பிறக்கட்டும். அதுக்குப் பிறகு எங்கை வேணுமெண்டாலும் கூட்டிக்கொண்டு போங்கோ."

சர்மிளா விடவில்லை. இங்குள்ள ஆஸ்பத்திரியிலேயே இன்றைக்குக் காட்டினால், அவர்களே ஒழுங்குசெய்து மேலே அனுப்புவார்கள் என்றார். மச்சாள் அதற்கும் தலையாட்டினார். "அங்கை போனா வார்டில மறிச்சுப்போடுவினம். பேந்து என்னெண்டு வெளியில வாறது?"

தவராசா அண்ணைக்குப் போன் எடுத்தோம். வயலுக்குள் மிசின் சத்தம். ஒன்றும் கேட்கவில்லை. "அவா என்ன சொல்லுறாவோ அப்பிடிச் செய்யுங்கோ" என்று மட்டும் கேட்டது. அவர் வீட்டில் எப்போதும் அதுதானே சட்டம்!

 சர்மிளா பிறகு ஒருவரைப் பற்றிச் சொன்னார். புளியங்குளத்தில் வயல் செய்கிற ஒரு கமக்காரர். சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்து, வேறொரு கண் வருத்தத்துக்கு அவரைக் கொழும்புக்கு அனுப்பினாராம். அந்த மனிதர் "ஓம், ஓம்" என்று தலையாட்டி, எழுதிக் கொடுத்த துண்டை மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டார். கொழும்பு எங்கே, அவர் எங்கே? நெடுநாளைக்குப் பிறகு அவருடைய மனைவி தன் கண்ணாடிக்கு வந்தபோதுதான் சர்மிளாவுக்கு விஷயம் தெரியும். மனிதர் இப்போது கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போகிறாராம்.

"கிட்ட ஒரு இடத்துக்கு அனுப்பியிருந்தா போயிருப்பார் சேர்" என்றார் என்னிடம். "நல்ல இடம் எண்டு அனுப்பி என்ன பிரயோசனம், ஆள் போகாட்டி?"

இதுதான் அவருடைய கணக்கு. மிக நல்ல இடம் ஒன்று. ஆள் போகக்கூடிய இடம் இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருந்தால் வேலை சுகம். வன்னியில் எப்போதாவது இரண்டும் ஒன்றாக இருந்ததுண்டா?

கடைசியில் அவர்தான் வழி சொன்னார். வவுனியாவில் ஒரு தனியார் கிளினிக். சனிக்கிழமைகளில் ஒரு கண் டொக்டர் வருவார். தமிழர். பொறுமையாக விளங்கப்படுத்துவார். போய்விட்டு அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பலாம். "அவரிட்டை நான் அனுப்பின ஒருத்தரும் குறை சொன்னதில்லை அன்ரி. அவர் மருந்து விட்டு வடிவாப் பாப்பார். அவர் கொழும்புக்குப் போங்கோ எண்டு சொன்னா, கட்டாயம் போகவேணும். எனக்குச் சத்தியம் பண்ணித் தாங்கோ."

அன்று வியாழக்கிழமை.

"சனிக்கிழமை எண்டாச் சரி. திங்கள்தானே நான் மகளிட்டைப் போறது" என்று மச்சாள் எழும்பினார். முகத்தில் ஒரு வெளிச்சம். எல்லோருக்கும்தான். ஒரு பெரிய முடிவைச் சின்ன முடிவாக மாற்றிவிட்டால் மனிதருக்கு எவ்வளவு ஆறுதல்!

வெள்ளிக்கிழமை முழுக்க மச்சாள் அந்தக் குழந்தைச் சட்டைகளுக்குப் பட்டி பிடித்தார். மெசினின் ஊசி தெரிகிறது, துணியின் கீழ்ப்பக்கம் தெரியவில்லை என்று மனைவியிடம் போனில் சொன்னாராம். சனிக்கிழமை விடிய நான் போனபோது படலையடியில் நின்றார். "வாங்கோ தம்பி" என்றார். பார்வை என் முகத்தில் இல்லை. என் காதுப் பக்கம் எங்கேயோ நின்றது.

"நடுவில ஒரு கறுப்பு. உங்கட நெத்தி மட்டும்தான் தெரியுது" என்றார்.

வவுனியா டொக்டர் நல்ல மனிதர். சர்மிளா சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. எங்கள் முறை வருமுன்னே, துண்டை வாசித்துவிட்டு உடனே உள்ளே கூப்பிட்டார். மருந்து விட்டு, தலையில் ஒரு பெரிய லைற்றை மாட்டிக்கொண்டு பார்த்தார். நிமிர்ந்தபோது என்னைத்தான் பார்த்தார், மச்சாளை அல்ல.

"நான் கட்டரக், கண்புரைதான் செய்யிறனான். இது என்ர கையில இல்லை. நேர கொழும்புக்குப் போங்கோ, நான் கோல் பண்ணிச் சொல்லுறன். நடுப்பகுதியும் கழன்றுபோச்சு... வியாழக்கிழமை எழுத்து வாசிச்சவாவாமே?"

"ஓம்" என்றேன்.

அவர் துண்டில் எழுதத் தொடங்கினார். மச்சாள் இடைமறித்தார்.

"டொக்டர், திங்கட்கிழமை நான் மகளிட்டைப் போகவேணும்."

"அம்மா, திங்கட்கிழமை நீங்கள் ஒபரேசனுக்கு ஆயத்தமா இருக்கவேணும்."

வவுனியாவிலிருந்து அப்படியே கொழும்பு பஸ் ஏறினோம். மாற்றுச் சேலைகூட இல்லை. அனுராதபுரம் தாண்டும்வரை மச்சாள் கைப்பையை மடியில் பிடித்தபடி இருந்தார். பிறகு, "தம்பி, அந்தச் சட்டையளைப் பையில போட்டு மெசினுக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறன். ஆரையும் கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லுங்கோ" என்றார். அவ்வளவுதான்.

ஒபரேசன் நடந்தது. சவ்வை ஒட்டவைத்து, அது விலகாமல் இருக்கக் கண்ணுக்குள் ஒருவகை எண்ணெய் விட்டார்கள். அதற்குப் பிறகு குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். முகத்தைத் தலையணைக்குள் புதைத்தபடி. சாப்பாடு, கதை, எல்லாம் அப்படியே. பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்கள அம்மா, அவரும் குப்புற. இருவருக்கும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் நாள் முழுக்க ஏதோ கதைத்துக்கொண்டே கிடந்தார்கள். நிலத்தைப் பார்த்தபடி.

அப்படிக் கிடந்தபோதுதான் புதுக்குடியிருப்பிலிருந்து போன் வந்தது. சுதாவுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். நான் போனைக் கொண்டுபோய்த் தலையணைக்கும் காதுக்கும் நடுவில் வைத்தேன். அங்கே குழந்தை கத்துகிற சத்தம் கேட்டது. மச்சாளின் முதுகு குலுங்கியது. அழக்கூடாது என்று நேர்ஸ் ஓடிவந்து சொன்னார், சிங்களத்தில். நான் மொழிபெயர்க்கவில்லை.

எந்தப் பிள்ளைப்பேற்றுக்காகப் போகமாட்டேன் என்றாரோ, அந்தப் பிள்ளைப்பேற்றுக்கும் போக முடியவில்லை.

அதற்குப் பிறகு கொழும்புக்கும் வட்டக்கச்சிக்கும் எத்தனை தரம் போய்வந்தோம்! ஒவ்வொரு தரமும் "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்றார்கள். போன மாதம் அந்த டொக்டரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். சவ்வு ஒட்டிவிட்டது. ஆனால் நடுப்பகுதி திரும்பி வரவில்லை. இனி இவ்வளவுதான். வெளிச்சம் தெரியும். யன்னல் எங்கே இருக்கிறது என்று தெரியும். முன்னால் ஆள் நின்றால் ஒரு நிழல் நிற்பது தெரியும். நிழலுக்கு முகம் இராது.

ஒரு நாள் முந்தி வந்திருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். அது நேர்மையான பதில் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதிலோடு யாரால் நித்திரை கொள்ள முடியும்?

இவ்வளவும் நடந்து வீடு வந்து, மெசினுக்குத் துணி போட்டு மூடிய பிறகு, ஒரு நாள் மச்சாள் என்னைக் கேட்டார்:

"தம்பி, அந்தக் கண்ணாடிக்கடைப் பிள்ளைக்குச் சொன்னியளே?"

"இல்லை."

"ஒருக்காப் போய்ச் சொல்லுங்கோ. ஏசக் கூடாது. அது பாவம், எவ்வளவு கெஞ்சினது. ஆனா தெரியவேணும்."

அதற்காகத்தான் போன செவ்வாய்க்கிழமை அந்த வாசலில் நின்றேன்.

புதுச்சோடி போன பிறகு உள்ளே போனேன். சர்மிளாவுக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. "அன்ரி சுகமோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "நான் நினைச்சுக்கொண்டுதான் இருந்தனான். ஒரு சத்தத்தையும் காணேல்லை, அப்ப சரியாத்தான் போயிருக்கும் எண்டு..."

சொன்னேன். நடந்த ஒழுங்கில், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல்.

அவர் கதிரையில் உட்கார்ந்து, லென்ஸ் துடைக்கிற துணியைக் கையில் எடுத்தார். துடைக்க ஒன்றும் இல்லை. மடித்தார். விரித்தார்.

"நான் ஏன் வவுனியாவுக்கு அனுப்பிறனான் தெரியுமோ சேர்?" என்றார். "அங்கை போட்டு வாற ஆக்கள் எல்லாரும் சந்தோசமாத்தான் வருகினம். கட்டரக் வெட்டினவை, 'பிள்ளை, நல்ல இடத்துக்கு அனுப்பினாய்' எண்டு மாம்பழம் எல்லாம் கொண்டந்து தருவினம். அதை வைச்சுத்தான் நானும் அங்கை நல்லம், இங்கை நல்லம் எண்டு முடிவெடுக்கிறனான். வேற எனக்கென்ன தெரியும்? டொக்டர்மார் எனக்குத் திருப்பி எழுதுறேல்லை. ஆஸ்பத்திரியில இருந்து ஒருத்தரும் கோல் எடுத்து 'நீ அனுப்பின ஆளுக்கு இப்பிடி ஆச்சு' எண்டு சொல்லுறேல்லை."

துணியை மேசையில் வைத்தார்.

"ஆனா... கண் போன ஆக்கள் கண்ணாடிக் கடைக்கு ஏன் வரப்போகினம் சேர்?"

வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. சுவர் நிறையப் பிறேம்கள், ஒன்றுக்குள்ளும் கண் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். அவருக்கு மட்டுமா இது? பேப்பரில் நான் எழுதுகிற இந்தப் பத்தி நன்றாக இருக்கிறது என்று எனக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அலுத்துப்போய் வாசிப்பதை விட்டவர்களில் ஒருவராவது 'விட்டுவிட்டேன்' என்று கடிதம் போட்டதுண்டா? ரியூசன் மாஸ்டரின் பனரில் பாஸான பிள்ளைகளின் படம்தான் இருக்கிறது. கலியாணத் தரகர் சொல்வதெல்லாம் பொருந்தி வந்த சோடிகளின் கதைதான். நாம் எல்லோரும் திரும்பி வந்தவர்களைப் பார்த்துத்தான் வழி சொல்கிறோம். திரும்பி வராதவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று... யார் தேடுகிறார்கள்?

ஆனால் அதற்கு முன், கடையில் நான் எழும்பி வர, சர்மிளா விடவில்லை. "இருங்கோ சேர்" என்றார். கேள்வி கேட்கத் தொடங்கினார்.

கொழும்பில் எந்த வாசலால் உள்ளே போனீர்கள்? துண்டை முதலில் யாரிடம் காட்டினீர்கள்? தமிழ் தெரிந்தவர்கள் இருந்தார்களா? பெண்கள் வார்டில் இரவில் கூட நிற்க விட்டார்களா? நீங்கள் எங்கே படுத்தீர்கள்? அறிந்தவர்கள் இல்லாத ஆட்கள் எங்கே படுக்கிறார்கள்? அங்கிருந்து நேரே கிளிநொச்சிக்கு எந்த நேரம் பஸ்?

அழுகிற முகத்தோடுதான் கேட்டார். ஆனால் ஒன்றையும் விடாமல் கேட்டார். வழியில் இருக்கிற ஒவ்வொரு பயத்தையும் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த முறை ஒருவர் "கொழும்போ? ஏலாது" என்று கைப்பையை எடுத்து மடியில் வைத்தால், அந்தக் கையை எப்படி விலக்குவது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்டார்.

"சேர், அன்ரியின்ர போன் நம்பரை நான் ஆக்களுக்குக் குடுக்கலாமோ? அன்ரியிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ. நான் சொன்னா, கடைக்காரி ஏதோ சொல்லுறாள் எண்டு போடுவினம். அவா சொன்னா..."

இது நியாயமா? கண்ணை இழந்த மனுசியைக் கூப்பிட்டு, அந்தக் கதையை முன்பின் தெரியாத ஆட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வதா? எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனாலும் மச்சாளிடம் சொன்னேன். அவர் மூடிக் கிடந்த மெசினை ஒருமுறை தடவினார். பிறகு, "தையல்தான் இல்லை. கதைக்கவாவது ஒரு வேலை கிடக்கட்டும். குடுக்கச் சொல்லுங்கோ" என்றார்.

வியாழக்கிழமை பின்னேரம் முதல் போன் வந்தது. நான் அங்கேதான் இருந்தேன். சுதா குழந்தையோடு வந்து நிற்கிறாள். குழந்தை மச்சாளின் மடியில். மச்சாள் கையால் தடவிப் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"அக்கா, நான் ரஹீம். தண்ணீரூற்றில புடவைக்கடை வைச்சிருக்கிறன். கண்ணாடிக்கடை மிஸ்தான் நம்பர் தந்தவ. கொழும்புக்கு இண்டைக்கே போகட்டாம். பெருநாள் வருது அக்கா. இப்ப கடையை ஆரிட்டை விட்டுட்டுப் போறது? பெருநாள் முடிய, வாற கிழமை போனாச் சரியோ எண்டு கேக்கத்தான்..."

"இப்ப உங்களுக்கு எழுத்துத் தெரியுதோ தம்பி?"

"ஓம், அதெல்லாம் தெரியுது. ஓரத்திலதான் கொஞ்சம் மறைக்குது."

"எனக்கும் அப்ப தெரிஞ்சது."



"எனக்கு ஒரு பேத்தி இருக்கிறா தம்பி" என்றார் மச்சாள். "இப்ப என்ர மடியிலதான் கிடக்கிறா. கறுப்போ வெள்ளையோ எண்டு எனக்குத் தெரியாது. மூக்கு என்னை மாதிரி எண்டு இவை சொல்லுகினம், என்ர மனம் ஆறட்டும் எண்டும் சொல்லலாம்தானே? கையால தடவிப் பாக்கிறன். கையால எவ்வளவுதான் பாக்கிறது? இவாவின்ர பிறப்பைப் பாக்கத்தான் நான் ரெண்டு நாள் பிந்தினனான். உங்கட கடை எங்கையும் ஓடாது தம்பி. பெருநாளும் திரும்பி வரும். இண்டைக்கே வெளிக்கிடுங்கோ."

சுதா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

"சரி அக்கா..." என்றார் ரஹீம். "பாப்பம்."

போன் கட்டானது.

பாப்பம். எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு 'ஓம்' என்றும் அர்த்தம், 'இல்லை' என்றும் அர்த்தம்.

அவர் போனாரா? இதை எழுதும்வரை தெரியாது. மச்சாள் மட்டும் போனைச் சார்ஜில் போடுவதற்குக்கூடக் கையை விட்டு இறக்குகிறாரில்லை.